வேகவைத்தால் நார்ச்சத்து போய்விடுமா? அப்பாவுக்குப் பச்சையாகக் கொடுத்துக் கஷ்டப்படுகிறோம்

தக்கலை மகள்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

என் அப்பாவுக்கு 74 வயது. குலசேகரம் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர், இப்போது என்னோடு தக்கலையில் இருக்கிறார். பத்து வருஷமாகச் சுகர், மாத்திரையில் ஓடுகிறது. கடைவாய்ப் பல் இரண்டு பக்கமும் போய்விட்டது. பல் செட் வைத்துக் கொடுத்தோம், உறுத்துகிறது என்று கழற்றி டம்ளரில் போட்டுவிடுவார். மூன்று மாதமாக மலச்சிக்கல். டாக்டரிடம் காட்டினோம், பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு வேறு கோளாறு இல்லை, நார்ச்சத்து அதிகமாகக் கொடுங்கள், தண்ணீர் குடிக்க வையுங்கள் என்றார்.

அதுவரை சரி. துபாயில் இருக்கும் தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். காய்கறியை அடுப்பில் ஏற்றிய உடனே நார்ச்சத்து செத்துவிடும், குக்கரில் வைத்தால் மிச்சமே இருக்காது, பச்சையாகத்தான் சாப்பிட வேண்டும் என்று அதில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நானும் நம்பி மூன்று வாரமாகக் கேரட், முட்டைக்கோஸ், வெள்ளரிக்காய், முளைகட்டிய சிறுபயறு எல்லாவற்றையும் பச்சையாகவே வைத்தேன். அப்பா பாவம், எனக்காக ஒரு கேரட் துண்டை வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கொண்டே இருப்பார், கடைசியில் நான் அடுக்களைக்குப் போகிற நேரம் பார்த்துத் துப்பிவிடுவார். விழுங்கிய கொஞ்சமும் வயிற்றில் போய் ஒரே உப்புசம். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார், பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மலச்சிக்கலும் சரியாகவில்லை.

வீடியோ சொல்வது உண்மைதானா என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்க விவசாயத் துறையின் சத்து அட்டவணை கிடைத்தது. அதில் 100 கிராம் சிறுபயறில் 16.3 கிராம் நார்ச்சத்து, அதையே வேகவைத்தால் 7.6 கிராம் என்று போட்டிருக்கிறது. பாதிக்கு மேல் போய்விட்டதே! அப்படியானால் அவர் சொல்வது சரியா?

அப்புறம் இன்னும் சில சந்தேகங்கள். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) வேகவைத்த தண்ணீரையும் சோறு வடித்த கஞ்சியையும் கொட்டுகிறோமே, நார்ச்சத்து அதோடு போகிறதா? வாழைத்தண்டு நறுக்கும்போது விரலில் சுற்றி எடுக்கிற நூலைத் தூக்கிப் போடுகிறோம், அதுதானே நார்? பழங்கஞ்சி நல்லது என்கிறார்கள், சுகர்காரருக்குக் கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நாளைக்கு என்ன சமைப்பது என்றே தெரியாமல் இருக்கிறேன்.

மார்த்தாண்டம் டீச்சர்

தங்கச்சி, முதலில் அந்தப் பச்சைக் கேரட்டை நிறுத்துங்கள். நான் பள்ளியில் மனையியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இந்தக் கேள்வி வகுப்பில் எத்தனையோ தடவை வந்திருக்கிறது.

அட்டவணையில் தப்பில்லை. ஆனால் அந்த இரண்டு எண்ணையும் நேராக ஒப்பிடக் கூடாது. 16.3 என்பது காய்ந்த பயறு 100 கிராமில் இருப்பது, 7.6 என்பது வெந்த பயறு 100 கிராமில் இருப்பது. காய்ந்த பயறு வேகும்போது தண்ணீரைக் குடித்து ஊதிவிடும் இல்லையா, நூறு கிராம் பயறைப் போட்டு வெந்தபிறகு தராசில் வைத்தால் 220, 250 கிராம் வரும். 7.6ஐ 2.2ஆல் பெருக்கிப் பாருங்கள், 16.7 வருகிறது. பயறில் இருந்த நார்ச்சத்து அப்படியே பயறுக்குள்தான் இருக்கிறது, தண்ணீர் சேர்ந்ததால் கரண்டிக்குக் கரண்டி அளவு குறைந்து தெரிகிறது, அவ்வளவுதான். காப்பியில் பால் கூடினால் டிகாக்‌ஷன் குறைந்த மாதிரி தெரியுமே, அது மாதிரி. அதே அட்டவணையில் கேரட்டைப் பாருங்கள்: பச்சைக் கேரட் 100 கிராமில் 2.8, வெந்த கேரட்டில் 3.0. கேரட் பயறு மாதிரி தண்ணீர் குடிப்பதில்லை, அதனால் எண்ணும் இறங்கவில்லை. அடுப்பில் நார்ச்சத்து செத்துவிடும் என்றால் கேரட்டில் மட்டும் எப்படி உயிரோடு இருக்கிறது?

சூட்டில் அழிகிறது வைட்டமின் சி. அது உண்மை, கொஞ்சம் பி வைட்டமின்களும் போகும். அதைக் கேட்டுவிட்டு நார்ச்சத்துக்கும் அதே கதையைப் போட்டுவிடுகிறார்கள். நார்ச்சத்து என்று நாம் சொல்வது பெரும்பாலும் செடியின் செல்லைச் சுற்றியிருக்கும் சுவர். அதில் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின், இவற்றோடு பெக்டின் என்று ஒரு பசை. வீட்டுக் குக்கரில் உள்ளே சூடு 120 டிகிரி வரைதான் போகும், செல்லுலோஸை உடைக்க அது போதாது. சூட்டில் இளகுவது பெக்டின். செங்கல்லுக்கு நடுவில் இருக்கும் சாந்து கரைந்தால் சுவர் ஆட்டம் கொடுக்கும் இல்லையா, காய் வெந்து குழைவது அதுதான். செங்கல் எங்கேயும் போகவில்லை. கரைந்த பெக்டினும் நார்ச்சத்துதான், கரையாத கணக்கிலிருந்து கரையும் கணக்குக்கு மாறியிருக்கிறது. பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தாலும் நார் நார்தான்.

அதனால் வெந்த காயில் வேலை குறையாது, உங்கள் அப்பாவுக்கு அதுதான் நல்லதும். பச்சையாக வைத்தால் இரண்டு துண்டு உள்ளே போகும், மிச்சம் துப்பல். அதே கேரட்டைப் பயற்றங்காயோடு சேர்த்துத் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) வைத்தால் ஒரு கப் சாதாரணமாக இறங்கும். ஒரு கட்டு முருங்கைக்கீரையை யாராலும் பச்சையாகத் தின்ன முடியாது, உருவிச் சட்டியில் போட்டால் இரண்டு கைப்பிடியாக அடங்கிவிடுகிறது, சோற்றோடு பிசைந்து சாப்பிட்டுவிடுகிறார்கள். வயிற்றுக்குள் எத்தனை போனது என்பதுதான் கணக்கு, தட்டில் எத்தனை வைத்தோம் என்பது இல்லை.

உண்மையில் நார்ச்சத்து போகிற இடங்கள் வேறே. ஒன்று அரிசி ஆலை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில், தீட்டாத அரிசி 100 கிராமில் நார்ச்சத்து 4.43 கிராம், தீட்டிய புழுங்கல் அரிசியில் 3.74, தீட்டிய பச்சரிசியில் 2.81. அடுப்பு செய்யாததைத் தீட்டுகிற மெஷின் செய்துவிடுகிறது. நம் ஊரில் முன்பு வீட்டுக்கு வீடு பொங்கிய சிவப்புச் சம்பாச் சோற்றை விட்டுவிட்டு வெள்ளை வெளேரென்ற அரிசிக்கு மாறினோமே, அதில் போனதுக்குப் பச்சைக் கேரட் ஈடு கட்டாது. இன்னொன்று வடிகட்டி. ஜூஸ் அடித்து வடிகட்டினால் மிஞ்சுவது சர்க்கரைத் தண்ணீர், நார் வடிகட்டியில். தேங்காயும் அப்படித்தான், 100 கிராம் தேங்காயில் சுமார் 9 கிராம் நார்ச்சத்து இருக்கிறது, பால் பிழிந்துவிட்டுத் திப்பியை எறிந்தால் நாரில் பெரும்பகுதி அதோடு போகும். தேங்காயை அரைத்துச் சேர்க்கிற அவியலும் தீயலும் (வறுத்தரைத்த புளிக்குழம்பு) அந்த விஷயத்தில் நல்லது. அப்புறம் தோல். சீவிச் சீவித் தள்ளுகிறோம்.

அடுப்பில் நிஜமாகவே குறைகிற ஒரு வகையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ரெசிஸ்டென்ட் ஸ்டார்ச் என்று சொல்வார்கள், குடலில் செரிக்காமல் தப்பித்துப் போகிற மாவுச்சத்து. பச்சை வாழைக்காயில் நிறைய உண்டு, வேகவைத்தால் அதில் பெரும்பகுதி சாதாரண மாவாகிவிடும். ஆறினால் கொஞ்சம் திரும்பி வரும். ஆனால் வாழைக்காயைப் பச்சையாக யார் தின்கிறார்கள்?

அருமனை வாழைத்தோட்டம்

டீச்சர் சொன்னது சரி. நான் படித்தவன் இல்லை, தோட்டமும் அடுக்களையும் தெரிந்தவன். வீட்டுக்காரி போன பிறகு ஒன்பது வருஷமாக நானேதான் சமைக்கிறேன். எனக்கும் கீழ்வரிசைப் பல் கிடையாது, அதனால் மகளே உன் அப்பா கஷ்டம் எனக்கு நல்லாத் தெரியும்.

மரச்சீனித் தண்ணீரைப் பற்றிக் கேட்டாயே, அதைக் கண்டிப்பாகக் கொட்டு. நார்ச்சத்து போகும் சத்து போகும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. மரச்சீனியில் சயனைடு ஆகிற ஒரு பொருள் இயற்கையாகவே இருக்கிறது, கசக்கிற ரகத்தில் கூடுதல், நல்ல ரகத்தில் குறைவு. தோலை முழுசாக உரித்து, சின்னத் துண்டாக வெட்டி, சருவத்தில் முங்க முங்கத் தண்ணீர் வைத்து, மூடாமல் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரை வடித்தால்தான் அது வெளியே போகும். குறைந்த தண்ணீரில் குக்கரில் வைத்து அப்படியே மசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது. அந்த அமெரிக்க அட்டவணையை என் மகன் பார்த்துச் சொன்னான், மரச்சீனியில் 100 கிராமுக்கு 1.8 கிராம்தான் நாராம். நடுவில் நரம்பு மாதிரி ஓடுவதைப் பார்த்துவிட்டு நாமெல்லாம் அதில் ரொம்ப நார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சுகர்காரருக்கு அது நாருக்காகத் தின்கிற சாமான் இல்லை. சாளைக்கறியோடு ஆசைக்கு நாலு துண்டு, அவ்வளவுதான்.

வாழைத்தண்டு நூல் விஷயம். வட்டமாக நறுக்கும்போது இரண்டு துண்டுக்கு நடுவில் சிலந்தி இழை மாதிரி இழுக்கும், அதை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுப்போம். ஒரு தண்டு நறுக்கி முடிக்கும்போது விரலில் ஒரு சின்னப் பஞ்சு உருண்டை இருக்கும். அதை எடைபோட்டால் ஒன்றுமே வராது. தண்டு மொத்தமுமே நார்தான். நூலை எடுப்பது தொண்டையில் சிக்காமல் இருக்க, அதனால் தைரியமாக எடுத்துப் போடு, பல் இல்லாதவருக்கு இன்னும் கவனமாக எடு. பொடியாக அரிந்து, வெந்த சிறுபயறும் தேங்காயும் போட்டுத் துவரன் வைத்துக் கொடு. கூம்பும், அதாவது வாழைப்பூவும், அதே மாதிரிதான்.

இப்போது ஒரு அடுக்களைச் சங்கதி சொல்கிறேன். காய் வேகிறதுக்கு முன்னால் புளி ஊற்றாதே. என் அம்மை தீயலுக்குக் காயை முக்கால் பாகம் வேகவிட்டு, அகப்பையில் ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் புளியைக் கரைத்து ஊற்றுவாள். நான் ஒரு நாள் அவசரத்தில் முதலிலேயே ஊற்றிவிட்டேன், சேனைத் துண்டு ஒரு மணி நேரமானாலும் கல்லு மாதிரி நின்றது. காரணம் கேட்டால் எனக்குத் தெரியாது, டீச்சர் சொல்லட்டும். இன்னொன்று, கடல் பக்கத்துப் போர்த் தண்ணீரில் பயறு லேசில் வேகாது. அங்கே கட்டிக்கொடுத்த என் தங்கச்சி பயறுக்கு மட்டும் மழைத் தண்ணீர் பிடித்து வைப்பாள்.

அப்புறம் ஏத்தங்காய் (நேந்திர வாழைக்காய்) தோல். சிப்ஸ் போடுகிறவர்கள் மூட்டை மூட்டையாக எறிகிறார்கள். மருந்து அடிக்காத காய் கிடைத்தால், தோலின் வெளிப்பச்சையை லேசாகச் சுரண்டி, பொடியாக அரிந்து, கறை போகக் கொஞ்ச நேரம் மஞ்சள் தண்ணீரில் போட்டு, பயறோடு வேகவைத்துத் துவரன் வை. உன் அப்பா பால்வெட்டுக்குப் போன காலத்தில் இதைத் தின்னாமல் இருந்திருக்க மாட்டார், கேட்டுப் பார். மட்டிப்பழம் ஒன்று தினமும் கொடுக்கலாமா என்று நீ அடுத்துக் கேட்பாய். நம் மட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எனக்கு அதில் பெருமைதான், ஆனால் சுகர்காரருக்கு எத்தனை என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்.

மார்த்தாண்டம் டீச்சர்

அண்ணாச்சி, உங்கள் அம்மை செய்ததுக்குக் காரணம் அந்தப் பெக்டின்தான். புளிப்புச் சேர்ந்தால் பெக்டின் கரைவது ரொம்ப மெதுவாகிவிடும், அதனால் சேனை விறைத்து நிற்கிறது. கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் பெக்டினோடு ஒட்டிக்கொண்டு அதை இன்னும் இறுக்கிவிடுகிறது, உங்கள் தங்கச்சி மழைத் தண்ணீர் பிடிப்பது அதனால்தான் பலிக்கிறது. சோடா உப்புப் போட்டால் சீக்கிரம் குழையும், ஆனால் பி1 வைட்டமின் பாழாகும், அது வேண்டாம்.

கொல்லங்கோடு பையன்

அப்போ சாலட் சாப்பிடுவது எல்லாம் வீணா? நான் ஜிம்முக்குப் போகிறேன், தினமும் ஒரு பெரிய கிண்ணம் பச்சைக் காய்கறி சாப்பிடுகிறேன். எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லையே. வேகவைத்தால் தண்ணீரில் கொஞ்சம் சத்து போகும் என்று டீச்சரே ஒத்துக்கொள்வீர்கள்தானே?

மார்த்தாண்டம் டீச்சர்

வீணே இல்லை தம்பி, நன்றாகச் சாப்பிடுங்கள். உங்களுக்குப் பல் இருக்கிறது, மென்று விழுங்குகிறீர்கள், வைட்டமின் சி முழுசாகக் கிடைக்கிறது. பச்சைக் காய் கெட்டது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. வேகவைத்தால் நார்ச்சத்து செத்துவிடும் என்பதுதான் பொய், அந்தப் பொய்யை நம்பி 74 வயசு மனிதர் ராத்திரி தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

தண்ணீரைப் பற்றிக் கேட்டது நியாயம். கரையும் நார்ச்சத்தில் கொஞ்சம் வேகிற தண்ணீருக்குள் இறங்கும், அதைக் கொட்டினால் அது போகும். நிறையத் தண்ணீரில், ரொம்ப நேரம், சின்னச் சின்னத் துண்டாகப் போட்டால் கூடுதலாகப் போகும். அதனால் காய்க்கு அளவாகத் தண்ணீர் தெளித்து மூடிவைத்து, வற்றுகிற பக்குவத்தில் தேங்காய் போட்டு இறக்குங்கள், நம் துவரனும் அவியலும் அந்த முறைதான். பயறு வேகவைத்த தண்ணீரை ரசத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். சோறு வடித்த கஞ்சியில் பெரும்பாலும் கரைந்த மாவுதான், சுகர்காரர் வீட்டில் அதை வடிப்பதே நல்லது. மரச்சீனிக்கு மட்டும் அண்ணாச்சி சொன்னதுதான் சட்டம்.

கருங்கல் நர்ஸ்

நான் திருவனந்தபுரத்தில் நர்ஸாக இருக்கிறேன், ஊர் கருங்கல். வயதானவர்கள் வார்டில் நிறைய வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அக்கா, சமையலைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் வேறு பக்கத்தைச் சொல்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு உப்புசம் வந்தது பச்சையாகக் கொடுத்ததால் மட்டும் இல்லை, ஒரே நாளில் அத்தனையையும் கொடுத்ததாலும்தான். நார்ச்சத்தைப் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் புளிக்கவைக்கும், அப்போது வாயு வரும். நாலு நாள் பட்டினி கிடந்தவனுக்கு விருந்து வைத்த மாதிரி திடீரென்று கொட்டினால் வயிறு வீங்கத்தான் செய்யும். ஒரு வாரத்துக்கு ஒன்று என்று மெதுவாகக் கூட்டுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ல் சொல்லியிருக்கிறது, அதற்காக நாளைக்கே 25ஐத் தொட வேண்டாம். பயறை ராத்திரி ஊறப்போட்டு ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயுவை உண்டாக்கும் ஒரு வகைச் சர்க்கரையில் கொஞ்சம் அந்தத் தண்ணீரோடு போகும். முளைகட்டிய பயறை வயதானவர்களுக்குப் பச்சையாகக் கொடுக்கவே வேண்டாம், முளைக்கிற ஈரச் சூட்டில் கிருமியும் சேர்ந்து வளரும். ஆவியில் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள்.

தண்ணீர் ரொம்ப முக்கியம். நார்ச்சத்து தண்ணீரை இழுத்துப் பிடித்துத்தான் மலத்தை இளக்குகிறது. தண்ணீர் இல்லாமல் நார் மட்டும் போனால் இன்னும் இறுகும். வயதானவர்களுக்குத் தாகமே தெரியாது, கேட்டால் வேண்டாம் என்பார்கள். நான் வார்டில் பாட்டாக்களிடம் வேண்டுமா என்று கேட்கவே மாட்டேன், டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு நின்றுகொள்வேன். இதயம், கிட்னி பிரச்சினை இருந்தால் மட்டும் எவ்வளவு தண்ணீர் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பழங்கஞ்சி. சோறு ஆறும்போது மாவுச்சத்தில் கொஞ்சம் மறுபடி இறுகி ரெசிஸ்டென்ட் ஸ்டார்ச் ஆகிறது என்பது உண்மை. 2015ல் வந்த ஒரு ஆய்வில், புதிதாகச் சமைத்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்தது, 24 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துத் திரும்பச் சூடாக்கியதில் 1.65 கிராம் இருந்தது. இரண்டரை மடங்கு என்று கேட்டால் பெரிதாகத் தெரியும், கூடியது ஒரு கிராம்தான் அக்கா. நெல்லை அவித்துக் காயவைக்கும் புழுங்கல் அரிசியிலும் இதே இறுகல் ஓரளவு நடக்கிறது. சரி, நல்லதுதான், ஆனால் மிச்ச மாவு அத்தனையும் மாவாகத்தான் இருக்கிறது. சுகர் இறங்கிவிடும் என்று நம்பி ஒரு சட்டி பழங்கஞ்சி கொடுத்துவிடாதீர்கள். ஒரு சின்னக் கிண்ணம், கூடவே வெந்த பயறோ கீரையோ. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சுகர் பார்த்து எழுதிவையுங்கள், உங்கள் அப்பாவின் உடம்பு என்ன சொல்கிறது என்று அந்த நோட்டுதான் காட்டும். சோற்றை நாள் முழுக்க வெளியில் கிடத்தவும் வேண்டாம், நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் கெடும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, வாந்தியோடு வயிற்று வலி, இதில் எது வந்தாலும் கீரையையும் தண்டையும் நம்பி உட்காராமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

தக்கலை மகள்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பன்னிரண்டு நாள் ஆகிறது, அதனால் வந்து சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

முதல் நாள் பச்சைக் காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். கேரட்டும் பயற்றங்காயும் போட்டுத் துவரன், நன்றாகக் குழைய வேகவைத்தது. நாலு நாள் கழித்து முருங்கைக்கீரை, அடுத்த வாரம் வாழைத்தண்டு. நூலை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் வைத்தேன். வெள்ளை அரிசியில் பாதிக்குச் சிவப்பு அரிசி கலந்து பொங்குகிறேன், அது வேக நேரம் ஆகிறது, முன்கூட்டியே ஊறப்போட வேண்டியிருக்கிறது. உப்புசம் போய்விட்டது. மலச்சிக்கல் முழுசாகச் சரியாகவில்லை, ஆனால் மூன்று நாள், நாலு நாள் என்று இருந்தது இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போகிறது. தம்பிக்கு அந்தப் பயறுக் கணக்கை எழுதி அனுப்பினேன், இரண்டு நாள் கழித்து சரி அக்கா என்று மட்டும் பதில் வந்தது.

ஏத்தங்காய்த் தோலைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன் அண்ணாச்சி. "அது யாரு சொன்னா உனக்கு?" என்றார். நேற்று வைத்தேன். பேசாமல் சாப்பிட்டுவிட்டு, "அம்மை வைக்கும்போ இதுல நாலு காந்தாரி மிளகாய் கிடக்கும்" என்றார். அவர் அவருடைய அம்மையைப் பற்றிப் பேசிக் கேட்டே வருஷக்கணக்கில் ஆகிறது.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. தண்டையும் கீரையையும் வேகவைத்து மிக்ஸியில் அடித்து சூப் மாதிரி கொடுத்தால் சுலபமாகக் குடிப்பார். மிக்ஸியில் அடித்தால் நார் வெட்டுப்பட்டு வீணாகிவிடுமா?

மார்த்தாண்டம் டீச்சர்

படித்ததும் மனசு நிறைந்துவிட்டது தங்கச்சி. மிக்ஸியில் அடித்தால் நார் பொடியாகும், அளவு குறையாது, வடிகட்டாமல் கொடுத்தால் போதும். ஆனால் எல்லாவற்றையும் சூப்பாக்கிவிட வேண்டாம். மாவுள்ள சாமான்களை, அதாவது பயறு, கிழங்கு, கேழ்வரகு மாதிரியானவற்றை, மையாக அரைத்தால் செல் சுவர் உடைந்து உள்ளே இருக்கும் மாவு சீக்கிரம் சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும், சுகர்காரருக்கு அது நல்லதில்லை. கீரை, தண்டு, தடியங்காய்க்கு (சாம்பல் பூசணி) மிக்ஸி சரி. பயறை முழுசாக, விரலால் நசுக்கினால் நசுங்குகிற பதத்துக்கு வேகவைத்துக் கொடுங்கள்.

அருமனை வாழைத்தோட்டம்

காந்தாரி என் வேலியோரம் காய்த்துக் கிடக்கிறது மகளே. வெள்ளிக்கிழமை தக்கலை வழியாகத்தான் வருகிறேன், பஸ் ஸ்டாண்டில் எந்தக் கடையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல். பச்சை ஏத்தங்காயும் ஒரு சீப்பு வைக்கிறேன், மருந்து அடிக்காதது. அப்பாவுக்கு வயிறு எரியும், நாலு போடாதே, ஒன்று போட்டு வை.